பேக்கப் வீட்டில் இருக்கிறது

கயலு, என் கண்ணு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். நானே நம் வீட்டுச் சேதியைச் சொல்கிறேன். இந்த வருஷம் மரவள்ளி பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கம்ப்யூட்டர்தான் திடீரென்று படுத்துவிட்டது.

பாகம் பாகமாக வாங்கி நீயே பூட்டியது அது. வேலை இண்டர்வியூவுக்காக அதன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு செய்வாயே, அந்தக் குரலைத்தான் கேட்க வேண்டும் என்றாள் அம்மா. வெள்ளிமலை இறக்கத்தில் உன் வண்டியோடு செல்போனும் நொறுங்கிவிட்டது. உன் பேச்சு மிச்சமிருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

“ஒரே ஒரு வாட்டி போட்டு காட்டுங்க, அவ கொரல கேட்டுக்கறேன்.”

சுவிட்சை அமுக்கினால் விசிறி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். திரை மட்டும் இருட்டு. எனக்குத் தெரிந்தது போர் மோட்டார்தானே? ஒயரை ஆட்டினேன், தட்டினேன், ஊதினேன். பிறகு, நீ ஒருநாள் உள்ளே இருந்த ரேம் பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்தது ஞாபகம் வந்தது. நானும் தேய்த்து மாட்டினேன். வெளிச்சம் வந்துவிட்டது பாப்பா! அம்மா கற்பூரம் ஏற்றாத குறைதான். ஆனால் ஒரு வட்டம் வந்து சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, உள்ளே விடவில்லை. அரைகுறை வைத்தியன் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

பெட்டியைப் போர்வையில் சுற்றி, பைக்கில் கட்டித் திருக்கோவிலூருக்குக் கொண்டுபோனேன். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணையாமல் தாங்குமே அந்த பேட்டரி, அது கனம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷர்.

“பெருசா ஒன்னும் இல்லீங்க, விண்டோஸ் பூடுச்சி. ஃபார்மட் போட்டா சரியாய்டும். பேக்கப் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்.”

“அப்போ கவலயில்ல,” என்று வேலையை ஆரம்பித்தார்.

நம் வீட்டில் பேக்கப் என்றால் பேட்டரிதானே பாப்பா? கரண்ட் போனதும், “பேக்கப் எவ்ளோ நேரம் நிக்கும்?” என்று உன்னைத்தானே கேட்பேன்? உள்ளே இருப்பதை நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவதற்கும் அதே பெயர் என்று யாருக்குத் தெரியும்? ஃபார்மட் என்றால் மொத்தத்தையும் அழிப்பது என்றும் தெரியாது. நீ சொல்லித்தரவில்லை என்று குறை சொல்லவில்லை. நான் கேட்டதே இல்லை.

வீட்டில் மாட்டியதும் ஜம்மென்று திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“நீங்கதானேங்க பேக்கப் வூட்ல இருக்குதுன்னீங்க?”

மூலையில் இருந்த பேட்டரியைப் பார்த்தபடி நின்றேன்.

மறுநாள் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, பகல் முழுக்க ஏதேதோ போட்டுத் தேடினார் பாவம். கிடைத்த துண்டு துணுக்கு எதுவும் பேசவில்லை. என் முகத்தைப் பார்க்க முடியாமல், முடுக்கிய ஸ்க்ரூவையே முடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரிஷிவந்தியம் திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன். மலை உன்னை ஒரு தரம் கொண்டுபோனது. இரண்டாம் தரம் கொண்டுபோனது நான்தானே?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஃபார்மட் போட்ட அன்று கடைக்காரர், “யூசர் பேரு இன்னா போடட்டுங்க?” என்று கேட்டார். அம்மா படிக்கட்டும் என்று தமிழில் உன் பெயரைப் போடச் சொன்னேன். இப்போது திறந்ததும் கயல்விழி என்று பெரிதாக வருகிறது. அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, முந்தானையால் திரையைத் துடைக்கிறாள்.

“பேரு வந்துடுச்சி பாருங்க. கொரலு எப்போ வரும்?”

“வேல நடந்துக்கினு இருக்குது,” என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதை நம்பித் தினமும் சாயங்காலம் அதன் முன்னால் வந்து உட்காருகிறாள். சுவிட்சைப் போட்டுவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன். எத்தனை நாளைக்குப் போவேன், சொல்?

நாளைக் காலையில் அவள் கஞ்சி குடித்ததும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் தலையில் போட மாட்டேன். நான்தான் அழித்தேன் என்று என் வாயால் சொல்வேன். திட்டினாலும், பேசாமலே இருந்தாலும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ஊரார் இன்றைக்கும் கூப்பிடுகிற
கயல் அப்பா