ஒரு சாப்பாட்டுக்காகச் சொன்ன நேர்ச்சை

4 மே 2025, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததிலிருந்து மகள் ஜெர்லினைப் பிடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை தீம் பார்க் போகிறோம். டிக்கெட்டும் வேனும் கிளாரா மைனி செலவு. என் வீட்டுக்காரருடைய அக்கா, குவைத்தில் பாடுபட்டுச் சேர்த்த காசு. சாப்பாடு அவரவர் பாடு. மீன்பிடித் தடைக்காலம், இவருக்குப் போட்டில் வேலை இல்லை. "பக்கத்துல வட்டக்கோட்டைக்குப் போனா போராதா?" என்றார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

8 மே
புளிச்சோறு, தேங்காய்த் துவையல், அவித்த முட்டை. கட்டியாயிற்று. உள்ளே ஒரு பைசா செலவழிக்கப் போவதில்லை.

9 மே, வெள்ளி
வாசலிலேயே செக்யூரிட்டி பையைத் திறந்துவிட்டான். வெளிச்சாப்பாடு கூடாதாம். அத்தனை பேர் வரிசையில் நிற்க, என் பொட்டலங்களை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தான். வேனில் கொண்டு போட்டோம். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

உள்ளே ஒரு சாப்பாடு முந்நூற்று இருபது. இவருக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாங்கியதோடு பர்ஸ் காலி. மைனியிடம் கேட்கலாமா? டிக்கெட்டுக்கே அவர் காசு, சோற்றுக்கும் கையேந்தவா?

"எனக்கு வேண்டாம் மைனி, இன்னைக்கு ஒருசந்தி. ராத்திரிதான் சாப்பாடு."

"நேர்ச்சையா? யாருக்குட்டி?"

"நம்ம ஷீஜாவுக்குத்தான்" என்றேன். மைனியின் மகள். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை.

மைனிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் தட்டை இவரிடம் நீட்டிவிட்டு, "எம் மவளுக்காவ நீ பட்டினி கெடக்கும்போ எனக்கு எப்படிட்டி எறங்கும்?" என்றார். சுகர் உள்ளவர். காலையில் மாத்திரை போட்டவர். சாப்பிடுங்க மைனி, சாப்பிடுங்க மைனி என்று கெஞ்சினேன். உண்மையைச் சொன்னேனா? இல்லை.

நாலு மணிக்கு சறுக்கு வரிசையில் மைனி தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. குளூக்கோஸ் கொடுத்தார்கள். கண் தெளிந்ததும் என்னைப் பார்த்து, "நீயும் வெறும் வயிறுல்லா, கொஞ்சம் குடிட்டி" என்கிறார். சீ! நானெல்லாம் ஒரு பொம்பளையா?

10 மே
புளிச்சோறு ஊசிப்போய்ப் பை முழுக்க நாற்றம். அள்ளித் தென்னை மூட்டில் கொட்டினேன்.

16 மே, வெள்ளி
மைனி போன் பண்ணினார். "இந்த வெள்ளியும் ஒருசந்தி இருக்கியா மக்கா?"

"ஆமா மைனி" என்றேன். சாளை மீன் வாயில்.

"நானும் இருக்கேன்."

23 மே, வெள்ளி
ஷீஜா அழுதுகொண்டே கூப்பிட்டாள். "மாமி, அம்மைக்குச் சுகர் எறங்கி ஆஸ்பத்திரியில ஊசி போட்டுட்டு வாறோம். ஒருசந்தியை விடுன்னா கேக்க மாட்டேங்கு. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

மாதாவே, பெரிய பாவியாகிவிட்டேனே. ஒரே ஒரு தட்டு சோறு. அதை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு உயிரையே - - வேண்டாம், எழுதவே பயமாக இருக்கிறது.

24 மே
பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு, மைனி வீட்டுக்கே போய்விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையில் காசில்லாமல் சொன்ன பொய், நேர்ச்சையும் இல்லை ஒன்றுமில்லை என்று.

"எங்கிட்ட கேட்டா நான் வாங்கித் தரமாட்டனா?" என்றார். சேலை முந்தியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்போ... எம் மவளுக்குன்னு மாதாகிட்ட ஒருத்தரும் கேக்கல்லியா?"

நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். போட்டுத் தந்த சாயாவை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

13 ஜூன், வெள்ளி
தடை நாளையோடு தீருகிறது. மைனி வெள்ளிக்கிழமைகளில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாராம், ஷீஜா சொன்னாள். எனக்கு இன்னும் போன் வரவில்லை.

மத்தியானம் நெத்திலிக் குழம்பு வைத்து எல்லோருக்கும் விளம்பினேன். எனக்கு எடுக்கவில்லை. ஷீஜாவுக்காக இது மூன்றாவது வெள்ளி. ஏன் சாப்பிடவில்லை என்று இவர் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.