இறக்கைக்கு வெளியே நின்றவன்

படப்பை
9.8.2004

மதிப்பிற்குரிய மதினி இசக்கிசெல்வி அவர்களுக்கு,

சுடலை அண்ணனோடு ஒரே அறையில் இருந்த சக்திகுமார் வணக்கத்துடன் எழுதுவது. நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை. பாப்பா சுகப்பிரியா சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்பதை மட்டும் எழுதுங்கள்.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வரவில்லை. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் மின்சாரக் காற்றாடி நின்று ஓடினால்தான் அதை வாங்கியவர்களுக்கு வரிச் சலுகை முழுதாகக் கிடைக்குமாம். அதனால் இந்த மாதங்களில் காற்றாடிக்கு இறக்கை செய்கிற எங்கள் பிளேடு ஷாப்பில் யாருக்கும் லீவு கிடையாது. போன வருடம் பாப்பாவின் காதுகுத்துக்கு அண்ணன் ஒரு நாள் பிந்தி வந்ததும் இதனால்தான்.

அண்ணனுடைய சாமான்களைப் பார்சல் சர்வீசில் போட்டுவிட்டேன். நாலு சட்டை, இரண்டு கைலி, டிபன் பாக்ஸ், ரேடியோ, பாப்பாவுக்கு வாங்கி வைத்திருந்த செருப்பு. செருப்பு அளவு சரியாக இருக்குமா என்று தெரியவில்லை. போர்வையை மட்டும் போடவில்லை. ரெசின் பசை பட்டு மொரமொரவென்று ஆகிவிட்டது.

நடந்தது பற்றிக் கம்பெனியில் எழுதியிருப்பது இதுதான். சாப்பாட்டு நேரத்தில், யாரிடமும் சொல்லாமல், மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணன் தானாகவே பிளேடுக்குள் போயிருக்கிறார். உள்ளே ரெசின் ஆவி அடைத்திருந்தது. மயங்கிவிட்டார். பார்த்தவுடனே எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். மேனேஜர் சங்கரநாராயணன் சார் உங்களுக்கு இரங்கல் சொல்லச் சொன்னார். கம்பெனி கைவிடாது என்றும் சொன்னார். கூடிய சீக்கிரம் ஒரு ஆள் பணகுடிக்கு வந்து உங்களிடம் சில காகிதங்களில் கையெழுத்து வாங்குவார்.

என்னை லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள். இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
சக்திகுமார்


படப்பை
27.8.2004

மதினி அவர்களுக்கு,

உங்கள் இன்லண்ட் கடிதம் கிடைத்தது. வீட்டுக்கார ரத்னா அக்காதான் கொண்டுவந்து கொடுத்தார். முழுத் தாளிலும் ஒரே ஒரு வரி. “அவுக உள்ள கெடக்கையில நீ எங்கலே நின்ன?”

படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன். வேலை பார்த்தேன். கேன்டீனில் சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாளும் அப்படித்தான். ஆறு நாள் அந்தக் கடிதம் பையிலேயே இருந்தது. அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பக்கத்தில் யாராவது பேசினால் பேச்சு காதில் விழும், என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. ஏழாம் நாள் சோப்புப் போடச் சட்டையை எடுத்த ரத்னா அக்கா, கடிதத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு, “பதில் போட்டுட்டியாப்பா?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது பதில் எழுதுகிறேன். போன கடிதத்தில் நான் எழுதியது உண்மை இல்லை.

எங்கள் வேலையைப் பற்றி அண்ணன் உங்களிடம் எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. பிளேடை இரண்டு பாதியாகச் செய்து ஒட்டுவோம். ஒட்டிய பிறகு அதன் பருத்த முனை வழியாக ஒரு ஆள் உள்ளே தவழ்ந்து போய், இணைப்பின் மேல் கண்ணாடி இழைத் துணி வைத்து ரெசின் தடவ வேண்டும். ஒல்லியான ஆள்தான் போக முடியும். அதனால் எப்போதும் அண்ணன்தான் போவார். அவர் அதைக் குறையாகச் சொன்னதில்லை. “நம்மூரு காத்துக்கு நாமதானலே றெக்க செய்யுதோம்” என்பார். உள்ளே ஆவி தங்காமல் இருக்க ஒரு புளோயர் ஓட வேண்டும். அந்த முனையின் வாயில் ஒரு ஆள் நின்று, நிமிடத்துக்கு ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் தட்டிக் காட்டுவார்.

அன்று வாயில் நின்றவன் நான்.

சாப்பாட்டு நேரம் இல்லை. இரண்டரை மணி. மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனார். நானே வாரை இழுத்து மாட்டிவிட்டேன். எங்களிடம் இருந்தவை இரண்டு புளோயர்கள். அதில் ஒன்று மோட்டார் எரிந்து, கம்பிச்சுருள் கட்டக் குன்றத்தூருக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. சூப்பர்வைசர் எல்லப்பன் வந்து, “அந்தப் பக்கம் பிளேடுல ரெண்டு பேரு உள்ள கீறாங்கபா. புளோயர அஞ்சு நிமிசம் குடு” என்றார். நான் என் கையால் கழற்றிக் கொடுத்தேன். உள்ளே குனிந்து, “அண்ணே, வெளிய வாரீயளா?” என்று கேட்டேன். “ஒரு துணிதாம்லே பாக்கி, முடிச்சிட்டு வாரேன்” என்றார். வெளியே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை, மதினி. கேட்கத்தான் செய்தேன்.

அப்போது லாரி வந்தது. துணி உருளைகளை இறக்க ஆள் போதவில்லை என்று எல்லப்பன் என்னையும் கூப்பிட்டார். போனேன். அஞ்சு நிமிடம் என்று நினைத்துப் போனது இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. திரும்பி வந்து கூப்பிட்டபோது தட்டல் இல்லை. காலைப் பிடித்து இழுத்தோம். தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனோம். தலை என் மடியில் இருந்தது. படப்பை தாண்டும்போதே முடிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மேனேஜர் அறையில் ஒரு காகிதம் தட்டச்சு அடித்துத் தயாராக இருந்தது. சாப்பாட்டு நேரம், தானாகவே, மாஸ்க் இல்லாமல் என்று அதில்தான் எழுதியிருந்தது. அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், புகையில்லாத மின்சாரம் செய்கிற கம்பெனிக்குக் கெட்ட பேர் வந்தால் இத்தனை பேர் பிழைப்பும் போய்விடும் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பேனா கொடுத்தார்கள், போட்டேன்.

வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். வாசலில் ஆளுக்கொரு வேப்பங்கன்று நட்டார்கள். தண்ணீர் ஊற்ற என்னைக் கூப்பிட்டார்கள், ஊற்றினேன். அண்ணன் ஒட்டிய இடத்தைத் தேய்த்துச் சோதித்துவிட்டு அந்தப் பிளேடையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். தெற்கேதான் போயிருக்கிறது. எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி என் கையால் எழுதித் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதலில் போட்ட கையெழுத்து பொய் என்றும் எழுதினேன். அனுப்பிவிட்டு எல்லப்பனைப் பார்க்கப் பிள்ளைப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் செய்தது தப்பு என்று தோன்றியது. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அனுப்பியதைச் சொன்னேன்.

“எம் பேர எழுதிக்கினியா?” என்றார்.

“எழுதிட்டேன்.”

“நெலத்த வித்துட்டுதான் இந்த வேலைக்கி வந்தேன், தெரியுமில்ல உனுக்கு? இதுவும் போச்சின்னா இன்னா பண்றது?”

மாடு குடித்து முடித்த வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“லாரி எறக்க உன்ன இட்டுனு போனது நான்தானே. எழுதிக்கினது நெசம்தான். கேட்டா நானும் சொல்றேன்” என்றார். அவர் மனைவி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன்.

புதன்கிழமை கம்பெனி கேட்டில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அதனால்தான் பகல் பதினோரு மணிக்கு அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மதினி, கம்பெனி ஆள் வந்தால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் அதிகாரியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று, நேற்று ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேரில் போனபோது குமாஸ்தா சொன்னார். செப்டம்பர் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு அங்கேயே விசாரணை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் தபால் வரும். முடிந்தால் வாருங்கள். உங்கள் அண்ணாச்சியைத் துணைக்குக் கூட்டி வாருங்கள். தாம்பரத்தில் இறங்கினால் ரத்னா அக்கா வந்து கூட்டிப்போவார். அவர் வீட்டிலேயே தங்கலாம், பாப்பாவுக்குப் பால் வாங்க எதிரிலேயே கடை இருக்கிறது. நான் அன்றைக்கு அறையில் இருக்க மாட்டேன், வேறு இடம் பார்த்துக்கொள்வேன். உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

நீங்கள் என்னோடு பேச வேண்டியதில்லை. முகத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை. அதிகாரி முன்னால் இதையெல்லாம் நான் வாயால் சொல்லும்போது நீங்கள் அந்த அறையில் இருந்து கேட்க வேண்டும். அதற்கு மட்டும் வாருங்கள், மதினி.

பாப்பா நல்லபடியாக வளர இசக்கியம்மன் துணை இருக்கட்டும்.

உங்கள் கொழுந்தன் என்று எழுத உரிமை இல்லாத,
சக்திகுமார்