சீமாட்டிக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது. அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே குதிரைகள் எல்லாம் சுகம், மனிதர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அதனால் பேனா உன் தங்கையிடம் போயிருக்கிறது. இவளிடம் பேனா கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், நடுவில் அடைப்புக்குறி வந்தால் அது என் பேச்சு இல்லை. (என் பேச்சு. வணக்கம் அக்கா. நீ வசமா மாட்டிக்கிட்ட.)

கட்டு எப்படி வந்தது என்றால், நம் பெண்குதிரை சீமாட்டியின் குட்டியால் வந்தது. குட்டி இன்னாருக்குப் பிறந்தது என்று பதிவு செய்வதற்காகப் பிடரியிலிருந்து வேரோடு முடி பிடுங்கி உறையில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவோமே, அது ஆறு வாரம் முன்னால் நடந்தது. (முடி என்று நான் மரியாதையாக எழுதுகிறேன், அம்மா சொன்ன சொல் வேறு.) நான் தலையைப் பிடித்திருந்தேன், குதிரை டாக்டர் பிடுங்கிக்கொண்டிருந்தார், முப்பதாவது முடிக்கு அவன் பின்பக்கத்தை ஒரு சுழற்று சுழற்றினான், சுவருக்கும் அவனுக்கும் நடுவில் என் கை போயிற்று. விழுந்த இடத்திலிருந்தே நான் டாக்டரிடம் "பாத்தீங்களா பலத்த, ரெண்டு மைலுக்குத் தாங்கும் சார்" என்று சொன்னேனாம். அவர் "முதல்ல கையக் காட்டுங்க" என்றாராம். அவ்வளவு பெருமையாக இருந்திருக்கிறேன் பார், எலும்பு உடைந்ததுகூடத் தெரியாமல்.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, குதிரைக்குக் குதிரை ஜோடி சேர்ப்பதுதானே உன் உத்தியோகமே, இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரக் கோப்பைப் பந்தயம் நான் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது மூவாயிரத்து இருநூறு மீட்டர், பிறகு இரண்டாயிரத்து எண்ணூறு, பிறகு இரண்டாயிரத்து நானூறு, போன வருடம் இரண்டாயிரம், அதற்கும் நாலே குதிரைகள்தான் வந்தன. (இன்னும் ரெண்டு தடவை துவைத்தால் கோப்பை சுருங்கி முட்டைக் கிண்ணம் ஆகிவிடும்.) வாங்க வருகிறவர்கள் குட்டியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, நேரே பின்பக்கம் போய்ச் சதை எவ்வளவு என்று பார்க்கிறார்கள், இரண்டு வயதில் ஓடுமா, ஆயிரம் மீட்டரில் கதையை முடிக்குமா, வேறு கேள்வியே கிடையாது. எலும்பு முற்றி மூச்சு விரிகிறவரை நாலு வயதுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. பொறுமை இல்லாதவர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் குதிரைக்கும் மூச்சு இல்லாமல் போய்விட்டது. இதையெல்லாம் முதலாளியிடம் நான் முப்பது வருடம் முணுமுணுத்ததில் மனிதர் களைத்துப்போய், "சரி, இந்த ஒரு தடவ சீமாட்டிக்கு நீங்களே மாப்பிள்ள பாருங்க" என்றார். நான் யாரைப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். மற்றதெல்லாம் நாக்குத் தள்ளி நிற்கிற இடத்தில் ஓடவே ஆரம்பிக்கிற குதிரை, நாம் வீட்டில் நெடுஞ்சாலை என்று கூப்பிடுகிற அந்தக் கிழவன். நம் பண்ணையின் ஜோடிப் பத்திரங்களை அங்கிருந்து நீதான் போடுகிறாய் என்பதால் உன்னிடம்தான் சொன்னேன். நீயும் போனில் "நெடுஞ்சாலைக்குத்தாம்மா போறா, நிம்மதியாத் தூங்கு" என்றாய். நானும் தூங்கினேன்.

சீமாட்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனது உன் அப்பா. மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து, கையைக் கழுவிவிட்டு, "போய்ச் சேந்தா, மாப்பிள்ள ஜம்முனு இருக்கான்" என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார். பதினொரு மாதம் அவள் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். குட்டி பிறந்து அரை மணியில் எழுந்து நின்றதும் தோளைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், அப்படியே கிழவன் என்றேன். டாக்டரிடம் சொன்னேன், தீவனக்காரரிடம் சொன்னேன், பால் கொண்டுவருகிறவரைக்கூட இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். லாடக்காரர் ஒருவர்தான் "அக்கா, தோள விடுங்க, பின்னாடி பாருங்க, இது தீக்குச்சி அக்கா, சர்ருனு பத்தும், பொட்டுனு அணையும்" என்றார். அவரிடம் ஒரு மாதம் நான் பேசவில்லை. பாவம், அந்த மனிதர் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. உன் வார்த்தையைக் கண்ணில் அப்பிக்கொண்டு பார்த்திருக்கிறேன். (தீக்குச்சி என்ற பெயர் அன்றே நிலைத்துவிட்டது. இதில் என் கை எதுவும் இல்லை, ஒருமுறையாவது நம்பு.)

பரிசோதனைத் தாள் இரண்டு வாரம் முன்னால் வந்தது. தாய் பொருந்துகிறது, தகப்பன் பொருந்துகிறது என்று எழுதித் தகப்பன் இடத்தில் வேறு பெயர். ஆயிரம் மீட்டரைத் தாண்டி வாழ்க்கையில் ஓடியிராத அந்தப் பளபளப்பானின் பெயர். உறையை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, கட்டுப் போட்ட கையோடு ஆபீசுக்குப் போனேன். அங்கே நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். குமாஸ்தா ஃபைலை எடுத்து, ஜோடிப் பத்திரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அதிலும் அதே பெயர். கீழே உன் கையெழுத்து. கையெழுத்துக்கு மேலே உன் கையாலேயே ஒரு வரி, "அம்மாவிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதத்துடன்". சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்கதானேம்மா சரின்னு சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த நிமிடத்தில் எனக்கு இரண்டே வழி இருந்தது, ஒன்று அத்தனை பேர் முன்னால் என் மகள் பொய் சொன்னாள் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால்... நான், "ஆமா சார், மறந்துட்டேன்" என்றேன். குமாஸ்தா எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். முப்பது வருடத்தில் அந்த ஆபீசில் யாரும் எனக்கு நாற்காலி போட்டதில்லை.

அதிலிருந்து பண்ணையில் எல்லோரும் என்னிடம் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார்கள். மருந்துப் பெட்டிச் சாவியை டாக்டர் "சும்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று வாங்கிக்கொண்டார். எந்தக் குதிரைக்கு எந்த மருந்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேனே, எனக்கு. பிரசவ லாயத்துக்கு அடுத்த பருவம் வேறு ஆள் பார்க்கலாமா என்று பேச்சு அடிபடுகிறதாம். உன் அப்பாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியுமாம், வேறு பண்ணைக்கு லாரியை ஓட்டினவருக்குத் தெரியாமல் இருக்குமா. "பிள்ள சொன்னா, நான் ஓட்டினேன்" என்கிறார். அவரோடும் பேச்சு இல்லை, உப்பு வேண்டுமா என்பதைக்கூட இவள் மூலமாகத்தான் கேட்கிறேன். (நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர். அம்மா சொல்வது "போதுமான்னு கேளு", நான் அப்பாவிடம் சொல்வது "அன்பே, போதுமா". வீட்டில் குற்றப்பத்திரிகை இல்லாத ஒரே ஆள் நான்தான், சரித்திரத்திலேயே முதல் முறை.)

ஆபீசிலிருந்து வந்து போனில் கேட்டபோது நீ சொன்னதைச் சொன்னபடியே இவளை எழுதச் சொல்கிறேன், பின்னால் மாறிவிடக் கூடாது பார். "ரெண்டு மைல் ஓடுற குதிரைய யாரும்மா வாங்குவா? வருஷா வருஷம் குட்டி விக்காம நின்னா பண்ணைய மூடுவாங்க, நீ எங்க போவ? உன் நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். நீ சொன்னதில் பாதி நிஜம், அது எனக்கும் தெரியும். அதை என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், கடைசியில் உன் பேச்சைக் கேட்டாலும் கேட்டிருப்பேன். கேட்கிற அளவுக்குக்கூட என்னை மதிக்கவில்லையே நீ.

நீ கேட்காத சேதி இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நானும் இவளும் பஸ் பிடித்து நெடுஞ்சாலையைப் பார்க்கப் போனோம். அவன் லாயத்தில் வேறு குதிரை நின்றது. அங்கே வேலை செய்கிறவர் சொன்னார், போன பருவம் அவனுக்கு ஒரே ஒரு பெண்குதிரைதான் பதிவாகியிருந்ததாம், "இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு கடைசி நாள் வரைக்கும் குளிப்பாட்டி நிறுத்தினோம்மா, வரல" என்றார். ஒன்றுகூட வராத பொலிகுதிரைக்கு எதற்குத் தீவனம் என்று பருவம் முடிந்ததும் காயடித்துச் சவாரிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்கு ஆண் வாரிசு கிடையாது. இந்த இனத்தில் விந்தை எடுத்து வைத்துப் பிறகு ஊசியில் செலுத்துவதும் செல்லாது, நேரில் சேர்ந்தால்தான் பதிவு. அந்த வரிசை அவனோடு முடிந்தது. பள்ளிக்கும் போனோம். மணல் கொட்டின சின்ன வட்டத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தியைச் சுமந்துகொண்டு நடந்தான், மெத்தென்று இருக்கிறானாம், பிள்ளைகள் அவனை சோபா என்று கூப்பிடுகிறார்கள். (நெடுஞ்சாலையை ரவுண்டானா ஆக்கிவிட்டார்கள் என்று நான் சொன்னேன். சிரிப்பு வரவில்லை, எனக்கே.) வகுப்பு முடிந்து எல்லாக் குதிரையும் நின்ற பிறகும் இவன் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தான். "இவன ஓட்டுறது சுலபம், நிறுத்துறதுதான் பாடு" என்று சவாரி வாத்தியார் சலித்துக்கொண்டார். அவன் யாருக்காகக் கடைசி நாள் வரை குளித்துவிட்டு நின்றான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும்.

குட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. தீக்குச்சி நன்றாகப் பால் குடிக்கிறான், வெயிலில் கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறான், அவன் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. நல்ல விலைக்குப் போவான், உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

இந்தப் பருவத்துக்குச் சீமாட்டியின் பத்திரம் உன்னிடமிருந்து நேற்று வந்தது. போன தடவை நேரே ஆபீசுக்குப் போய்விட்டது, இந்த வருட விதிப்படி ஆபீசுக்குப் போகும் முன்னால் நான் பார்த்துப் பயணத்துக்குத் தகுதி என்று ஒப்பமிட வேண்டியது. மறுபடியும் அதே பளபளப்பான். அதுகூடப் போகட்டும், நான் போனை வைத்து மூன்று நாளில் நீ நிரப்பிய தாளில், போன தடவை எழுதினதைப் பார்த்து எழுதினாயோ என்னவோ, மறுபடியும் "அவர் சம்மதத்துடன்" என்று இருக்கிறது. அவள் ஆரோக்கியமாக இருக்கிறாள், பயணம் தாங்குவாள், அதனால் என் இடத்தில் இடது கையால் ஒப்பமிட்டுவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் நடுவில் கோடு போட்டு அடித்திருக்கிறேன், படிக்க முடிகிற மாதிரி. ஆபீசுக்குக் கொடுக்காமல் இந்தக் கடிதத்தோடு உனக்கே திருப்பி அனுப்புகிறேன். வேறு தாளில் சுத்தமாக எழுதாதே. இதையே முதலாளிக்கு அனுப்பு. ஏன் அடித்திருக்கிறது என்று அவர் உன்னைக் கேட்பார். ஆபீசில் ஒருமுறை உனக்காக நான் பதில் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை நீ சொல். என்ன சொன்னாய் என்று எனக்கு எழுத வேண்டாம், மருந்துப் பெட்டிச் சாவி திரும்பி வருகிறதா இல்லையா என்பதில் தெரிந்துகொள்வேன்.

(ஆசீர்வாதம் என்று நான் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அம்மா எழுந்து போய்த் துணி எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு வந்தாள், ஒற்றைக் கையால். இப்போது சொல்கிறாள்.)

நோய் நொடி இல்லாமல் இரு, தனியாக இருக்கிற ஊரில் உன்னிடம் யாரும் பொய் சொல்லாமல் இருக்கட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. பருவம் முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது, தபாலுக்கு எட்டு நாள் ஆகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஒன்றையும் மறக்காத
உன் அம்மா