ஒரு மணி நேரத்தில் நாற்பத்தெட்டு

ஆடி 3, திங்கள் (கொல்லம் 1107)

காலையிலிருந்து சாரல். சைக்கிள் இரண்டு இடத்தில் வழுக்கியது. ஆஸ்பத்திரிச் சோதனை அறையில் மலேரியா நான்கு, சிறுநீர் பதினொன்று. குழாய் கழுவும் பிரஷ் தேய்ந்துவிட்டது.

மதியம் டாக்டர் சொன்னது: அண்ணனுக்கு வந்திருக்கும் இந்தப் புத்தி நோயில் சிலருக்கு, கண்ணாடிக் குழாயில் விட்ட ரத்தத்தில் சிவப்பு சீக்கிரம் அடியில் படிகிறதாம். வெளிநாட்டில் சிலர் பார்த்திருக்கிறார்கள். சிலர் மறுக்கிறார்கள். உடம்பில் எங்காவது புண், காய்ச்சல் போன்ற வேக்காடு இருந்தால் அப்படிப் படியும். அப்படியானால் இதுவும் உடம்பு நோய்தானா?

அப்பாவிடம் சொன்னேன். "ரத்தத்துல கோளாறுண்ணா ஒங்க ஆஸ்பத்திரியில கெடக்கட்டும். இல்லண்ணா வெள்ளிக்கிழம திருவனந்தபுரம் பைத்தியாஸ்பத்திரி. வண்டி சொல்லியாச்சு."

ஆடி 4, செவ்வாய்

சாரல் விடவில்லை. பின்கட்டு அறை. ஜன்னல் கம்பியிலிருந்து அண்ணனின் இடது கணுக்காலுக்குச் சங்கிலி. மூன்று முழம். வைகாசியில் கிணற்றில் குதித்த நாளிலிருந்து. ஊருக்குச் சொல்லியிருப்பது, அவன் மதுரையில் வேலை பார்க்கிறான் என்று. டாக்டருக்கு நோய் தெரியும். சங்கிலி தெரியாது.

ரத்தம் எடுக்க ஊசி போட்டபோது கையை நீட்டிக்கொடுத்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவன்.

"என்ன பரீட்சலே இது?"

"ரத்தப் பரீட்சை."

"நா ஒண்ணும் படிக்கலியே."

சிரித்தான். பிறகு சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். நடுவே என் பெயரும் வந்தது.

ரத்தம் உறையாதிருக்க ஸிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் நான்கு. பக்கத்துக் குழாயில் என் ரத்தம், ஒப்பிட. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு இறங்க, மேலே மஞ்சள் நீர்.

நான்: 5 மி.மீ.
அண்ணன்: 48.

தாளில் டாக்டரின் கேள்விகள். காய்ச்சல், இல்லை. இருமல், இல்லை. புண், இல்லை. கை தானாக எழுதியது.

சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம். சனிக்கிழமை படுக்கை காலியாகும் என்றார் டாக்டர். அப்பா வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மை: "அப்பம் பேயி இல்லியா மக்கா?" இல்லை என்றேன். முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன்: "பாஸாலே?"

"பாஸ்."

ஆடி 5, புதன்

பெருமழை. அம்மைக்கு நடுவலி, குனிய முடியவில்லை. அண்ணனை நான் குளிப்பாட்டினேன். காலில், வளையத்துக்கு அடியில், மஞ்சள் துணி.

அம்மை: "அத அவுக்காத மக்கா. தோலு உரஞ்சிருக்கு. மஞ்ச அரச்சுப் பத்து போட்டிருக்கேன்."

அவிழ்த்தேன். நாற்றம். சீழ். வளையம் சதைக்குள் பதிந்திருக்கிறது.

நாற்பத்தெட்டு இங்கிருந்து வந்தது.

நோயிலிருந்தும் வந்திருக்கலாம். எது எவ்வளவு என்று எந்தக் குழாயும் பிரித்துக் காட்டாது.

இரண்டு மாதமாக அந்தத் துணியைத் தினமும் பார்த்திருக்கிறேன். துணியாக மட்டும்.

சொல்லாமல் இருந்தால் சனிக்கிழமை வார்டு. அங்கே எப்படியும் பார்ப்பார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை வண்டி தவறிப் போயிருக்கும். சொன்னால் அப்பா மறுபடி திருவனந்தபுரத்துக்கு வண்டி சொல்வார்.

ஆடி 6, வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். சங்கிலியையும்.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சீழு ஓடுற காலோட எந்த மனுஷனுக்கும் ரத்தம் அப்படித்தான் படியும் வே. ஒமக்குத் தெரியாதா?"

தெரியும்.

தாளில் 'இல்லை'யை அடித்தார். "புண்ணுக்கு நாளைக்கே எடம் தாறேன், வராந்தாவிலயாவது. சங்கிலி இங்க வரப்பிடாது. ஆறின பெறவு ரத்தம் எடும்."

வீட்டில் அப்பா. "அப்பம் ரத்தத்துல ஒண்ணுமில்ல?"

"தெரியாது."

"தெரியாதுண்ணு சொல்லவாலே ஒன்ன மதராசுக்கு அனுப்பிப் படிக்க வச்சேன்?"

தொழுவத்தில் வைக்கோல் போட்டுவிட்டு வந்து அவரே: "புண்ணு ஆறட்டும். பெறவு ஒன் குழாயி என்ன சொல்லுதோ, அதும்படி."

என் குழாய். நாற்பத்தெட்டு குறைந்துவிட்டால் திருவனந்தபுரம். புண் ஆற வேண்டும் என்று முழு மனதோடு நினைக்க முடியவில்லை.

ஆடி 7, வெள்ளி

வெயில். அதே வண்டி, அதே வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்கு. அப்பா சாவியை என் கையில் வைத்துவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார். பூட்டு துரு. எண்ணெய் விட்டுத் திறந்து வளையத்தைக் கழற்றினேன். அம்மை புதுத் துணி சுற்றினாள்.

அண்ணன் எழுந்தான். கதவை நோக்கி நடந்தான். மூன்று முழம். நின்றுவிட்டான்.

"வா அண்ணே. வண்டி நிக்கி."

குனிந்து காலைப் பார்த்தான். பிறகு என்னை. சின்ன வயதில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே பொறுமையான குரல்.

"இதுக்கு மேல வராதுலே."