பெற்றவளுக்கும் பிரஷர் இருக்கிறது

ஐப்பசி, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பாப்பாவுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி. அத்தையும் நானும் சுகாதார நிலையம். பாப்பா எடை நன்றாக ஏறியிருக்கிறது.

நர்ஸிடம் கேட்டேன். "எனக்கும் பிரஷர் பாத்துடுங்க சிஸ்டர், தலை வலிக்குது."

"இன்னிக்கு ஊசி நாளு. தூங்காததால வர்ற வலிதான். ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்டாம்.

வயிற்றில் பிள்ளை இருந்தவரை இங்கிருந்து வாராவாரம் போன். ஏன் வரல, மாத்திரை போட்டீங்களா. பிள்ளை வெளியே வந்தது, போன் நின்றது. டிஸ்சார்ஜில் கொடுத்த பிரஷர் மாத்திரையும் தீர்ந்தாயிற்று. நான் என்ன வெறும் பையா, பிள்ளையை எடுத்ததும் சுருட்டி மூலையில் போட?

செவ்வாய்
மழை விட்டது. பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி. சீட்டு கொடுப்பவர் நிமிரவே இல்லை.

"டெலிவரி முடிஞ்சிடுச்சுல்ல? இனிமே உங்க ஊர்லதாம்மா பாக்கணும்."

"அங்க பாக்கமாட்டேங்கறாங்க சார்."

"சொல்லிப் பாருங்க." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும்போது பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. செந்துறை வரை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. அழுகை, கோபத்தில்தான்.

சிறுவாச்சூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இவருக்குப் போன். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். யார் பார்ப்பது?

புதன்
வெயில். சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பார்க்கும் நாள். வரிசையில் எல்லாம் வயசானவர்கள். பேர் எழுதும் பெண் வயது கேட்டாள். இருபத்திநாலு.

"முப்பதுக்கு மேலதாங்க இங்க."

இது பிரஷருக்குத் தெரியாமல் போய்விட்டது. பேசாமல் திரும்பி வந்தேன். வந்ததுதான் இன்னும் எரிகிறது.

சாயங்காலம் விக்கிரமங்கலம் கமலாவுக்குப் போன். வார்டில் பக்கத்துக் கட்டில், அவளுக்கும் பிரஷர். எடுத்தது அவள் வீட்டுக்காரர்.

"போன வாரம் மயங்கி விழுந்துட்டாங்க. வலது கை வரல. பேச்சும் கொழறுது."

பின்னால் பிள்ளை அழுகிறது. யார் தூக்குகிறார்கள்?

வியாழன்
மேகம். புடவை மாற்றும்போதே அத்தை ஆரம்பித்தார். "புள்ள பொறந்தா அதெல்லாம் போயிடும். பச்ச ஒடம்போட அலையாத."

"கமலாவுக்குப் போகலயே அத்தை."

அத்தை பாப்பாவை வாங்கிக்கொண்டு கூடவே வந்தார்.

சுகாதார நிலையத்தில் டாக்டர் அறை வாசலில் நின்றேன். "பிரஷர் பாக்காம போகமாட்டேன்."

"சத்தம் போடாதீங்க" என்றாள் நர்ஸ். நான் சத்தமே போடவில்லை.

டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண். அவரே கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நூற்றெழுபது. முகம் மாறிவிட்டது.

"ஏன் மாத்திரைய நிறுத்துனீங்க?"

நானா நிறுத்தினேன்? திங்களிலிருந்து நடந்தது அத்தனையும் சொன்னேன், நர்ஸ் முன்னாலேயே. மாத்திரை கொடுத்து மதியம் வரை படுக்கவைத்தார்கள். பால் கொடுக்கலாமாம். "இது பிரசவத்தோட போற பிரஷர் இல்லம்மா. மாசாமாசம் வாங்க." வயசுப் பேச்சே எடுக்கவில்லை.

நேற்றே இதைச் செய்ய என்ன கேடு?

வெள்ளி
தூறல். தலைவலி இல்லை. பாப்பா தூங்கும்போது விக்கிரமங்கலத்துக்குப் போன். அவர் கமலா காதில் வைத்தார்.

வெகுநேரம் மூச்சு மட்டும். பிறகு, "நீ... பிரஷர்... பாத்துட்டியா?"

பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் கூசியது.