நம் வண்டி மறுபடியும் சூடாகிவிட்டது

என் செல்விக்கு,

மார்கழி பிறந்துவிட்டது. பருத்திப்பட்டு ஏரியிலிருந்து வரும் காற்று நம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் வரை வந்து நடுக்குகிறது. ஸ்வெட்டர் தேடி உன் அலமாரியைத் திறந்தேன். உன் புடவைகளைப் பார்த்ததும் மூடிவிட்டேன். ஸ்வெட்டர் இன்னும் கிடைக்கவில்லை.

உன் மினுக்கியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். குளிர் வந்தால் அந்தப் பூனை நம் காருக்கு அடியில் புகுந்து, இன்ஜின் சூட்டில் சுருண்டுகொள்ளுமே! நான் வேலைக்குப் போன காலமெல்லாம், நீ கீழே வந்து பானெட்டைப் படபடவென்று தட்டிய பிறகுதான் எனக்குச் சாவி கிடைக்கும். "ஏய் மினுக்கி, எய்ந்திரு! இவரு கெளம்பிகினு கீறாரு, நீ இன்னும் தூங்கிகினு கீறியா?" மாடியில் ஜன்னல்கள் திறக்கும். நீ கண்டுகொள்ளவே மாட்டாய்.

நீ கண்ணை மூடியதிலிருந்து நான் வண்டியை எடுக்கவில்லை. ஓய்வு பெற்றவன் எங்கே போவது? உறை போட்டு மூடிவிட்டேன். மினுக்கியும் கண்ணில் படவில்லை. உன் பின்னாலேயே போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் பால் வாங்கிக்கொண்டு வரும்போது, மேல்வீட்டு கார்த்திக் அலுவலகம் கிளம்ப வண்டியில் உட்கார்ந்திருந்தான். கரூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, எப்போதும் அவசரம். அவன் பானெட்டுக்குள்ளிருந்து ஈனக்குரலில் ஒரு மியாவ். பாலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன்.

"சார், பெயிண்ட் போயிடும்!"

"சாவியத் தொடாதப்பா. மொதல்ல இதத் திற."

திறந்தான். ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உன் மினுக்கி! அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இனிமே தட்டிட்டு எடுப்பா" என்றேன்.

"அவசரத்துல மறந்துட்டா என்ன சார் பண்றது?"

அவன் சொல்வதும் சரிதான். மினுக்கி படுப்பதற்கு ஓர் அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து வைத்தேன். மகாராணி மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவன் வண்டி தினமும் சூடாக வந்து நிற்கிறது. நம்முடையது சில்லிட்டுக் கிடக்கிறது. பாவம், அவள் வேறெங்கே போவாள்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் உறையை எடுத்தேன். பேட்டரி இறங்கிப்போயிருந்தது, கார்த்திக்தான் தள்ளிவிட்டான். ஏரிப்பக்கம் ஒரு சுற்று போய் வந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்து "மெதுவா போய்யா" என்று யாரும் சொல்லவில்லை. மெதுவாகத்தான் போனேன்.

இன்று காலையில் இறங்கிப் போய் நம் பானெட்டைத் தட்டினேன். சத்தமில்லை. என் குரல் அவளுக்குப் பழக்கமே இல்லையே? கூச்சத்தை விட்டு உன்னைப் போலவே கத்தினேன். "ஏய் மினுக்கி, எய்ந்திரு!" முன்சக்கரத்தின் பின்னாலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன், செல்வி.

பனி விலகும் வரை தினமும் சாயங்காலம் வண்டியை எடுப்பேன். காலையில் நம் வண்டியைத் தட்டுவேன், கார்த்திக் வண்டியையும் தட்டுவேன். பெயிண்ட் போனால் போகட்டும். உன் மினுக்கிக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்,
ராசு