சோலாருக்கு உயரம் வேண்டாம் என்றேன்

செவ்வாய், இரவு.

மாடியில் சோலார் போட்டாகிவிட்டது. வேலூரிலேயே என்னைப் போல ரேட்டைக் குறைத்தவன் கிடையாது. கம்பெனிக்காரர் அழாத குறைதான். உயரமான ஸ்டாண்டு வேண்டாம், பேனல் முட்டி உயரத்தில் நின்றால் போதும் என்று அடித்துப் பேசினேன்.

இன்று என் வீட்டுக்காரி சாந்தி ஈரத் துணியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "மாடி பூரா உங்க பேனலுதான். நான் இன்னா, தவழ்ந்துகினு போயா துணி காய வெக்கறது?"

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன்.

"கழட்டி ஏத்தணும்னா நீங்க மிச்சம் பண்ணதுக்கு ரெண்டு மடங்கு ஆவும் சார். அப்பவே சொன்னேனே?"

நாளைக்கே வரச் சொல்லிவிட்டேன். தெருவில் கேட்டால், உயரத்தில் வெயில் ஜாஸ்தி, கம்பெனிக்கே அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்வேன். அப்போது சாந்தி பக்கத்தில் இருக்கக் கூடாது.